ஆப்னியா: திணறலா, தடையா, இன்மையா?

‘ஸ்லீப் ஆப்னியா’வைத் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. திணறல் என்பது மூச்சுவிடச் சிரமப்படுவது. மருத்துவத்தில் அதற்கு ‘டிஸ்ப்னியா’ என்று வேறு பெயர். ஆப்னியாவில் காற்றோட்டமே நின்றுவிடுகிறது.

கிரேக்கத்தில் ‘ப்னெயின்’ என்றால் மூச்சுவிடுதல். முன்னால் நிற்கும் ‘அ’, ‘அநீதி’யில் வருவதுபோல எதிர்மறை. ஏர் பிரேக் போலக் காற்றழுத்தத்தால் இயங்குபவற்றைக் குறிக்கும் ‘நியூமேட்டிக்’கும் இதே வேர்தான்; அங்கே ‘ப்’ ஒலிக்காது, அவ்வளவே. 1976இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வாளர் கில்லெமினோவின் குழு எழுதிய கட்டுரை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற பெயரை நிலைநிறுத்தியது.

தூக்க ஆய்வகத்தில் மூக்கடியில் இரண்டு உணரிகள் வைப்பார்கள். வெளிமூச்சு சூடு, உள்மூச்சு குளிர்ச்சி. அந்த வேறுபாட்டை வெப்ப உணரி அலையாக வரையும். அலை 90 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்து 10 விநாடியாவது நீடித்தால் ஆப்னியா. மூக்குக் குழாய் வழியே அழுத்தத்தை அளப்பது மற்றது. அதில் 30 சதவீதமாவது சரிந்து 10 விநாடியாவது நீடித்து, கூடவே இரத்த ஆக்சிஜன் செறிவு 3 சதவீதமாவது குறைந்தாலோ மூளை அலையில் விழிப்பு தெரிந்தாலோ ‘ஹைப்பாப்னியா’: குறைமூச்சு. வெப்ப உணரி பகுதிச் சரிவைச் சரியாகக் காட்டாது. அழுத்தக் குழாயோ, வாயால் மூச்சு விடுபவரிடம் இல்லாத ஆப்னியாவைக் காட்டும். சளி அடைத்தாலும் அதே கதை. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

இனி, ‘மூச்சுத்தடை’ பொருந்துமா? மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் பதில் சொல்லும். காற்று நின்றும் பட்டைகள் அசைந்தால் தொண்டையில் அடைப்பு; அங்கே ‘தடை’ சரி. பட்டைகளும் அசையாவிட்டால் மூளையே கட்டளை அனுப்பவில்லை, தடுக்க எதுவுமில்லை. இரண்டுக்கும் பொதுவாக ‘உறக்க மூச்சின்மை’ என்பதே எங்கள் தேர்வு. வகை பிரிக்க ‘அடைப்பு’, ‘மைய’ என்று முன்னொட்டலாம். ‘மூச்சுநிறுத்தம்’ வேண்டுமென்றே நிறுத்துவதுபோல ஒலிக்கிறது, பிராணாயாமத்துக்கு விட்டுவிடலாம்.

அறிக்கையில் வரும் ‘ஏஎச்ஐ’ என்பது மணிக்கு எத்தனை மூச்சின்மையும் குறைமூச்சும் என்ற கணக்கு. 5 முதல் லேசு, 15 முதல் மிதம், 30 முதல் கடுமை. 7 மணிநேரத் தூக்கத்தில் மொத்தம் 126 முறை என்றால் மணிக்கு 18, அதாவது மிதம். வீட்டுச் சோதனையில் பெரும்பாலும் மூளை அலைப் பதிவு இராது. தூங்கிய நேரம் தெரியாததால் பதிவான நேரத்தால் வகுப்பார்கள். படுக்கையில் புரண்டதையும் சேர்த்து 9 மணிநேரம் பதிவானால் அதே 126, 14 ஆகி ‘லேசு’க்கு இறங்கிவிடும்.