முயலுக்குக் கீரை: குடல் ஏற்பதும் மறுப்பதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பச்சிலைக்குப் பஞ்சமில்லை. ஓசூர்ப் பக்கத்துச் சந்தைகளில் காலிஃபிளவரின் இலைகளும் முட்டைக்கோஸின் வெளியிலைகளும் கழிவாகக் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. வயலோரத்தில் அருகம்புல் படர்ந்திருக்கிறது. வீட்டில் முயல் வளர்க்கத் தொடங்குவோர், இலை தின்னும் பிராணிதானே என்று கைக்குக் கிடைத்ததைக் கூண்டுக்குள் போட்டுவிடுகின்றனர். முயலும் பெரும்பாலும் மறுக்காமல் தின்றுவிடும். ஆனால் அது விரும்பித் தின்பதை வைத்து அந்த இலை அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தக் கீரை, எவ்வளவு என்ற கேள்விக்கு விடை முயலின் குடலில்தான் இருக்கிறது.

ஆடு மாடுகள் தின்ற புல் முதலில் இரைப்பையில் நொதிக்கிறது. அதை அவை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகின்றன. முயலுக்கு அத்தகைய இரைப்பை கிடையாது. தின்ற இலை இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்த பிறகே, சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் உள்ள குருட்டுக்குடல் என்னும் பெரிய பையில் நொதிக்கிறது. முயலின் உணவுப்பாதையில் உள்ள பொருளில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தப் பையில்தான் தங்கியிருக்கும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெருங்குடலின் தொடக்கப் பகுதி இங்கே சல்லடைபோல் இயங்குகிறது: செரிக்காத நீளமான நார்த்துணுக்குகளை முன்னோக்கித் தள்ளி வெளியேற்றிவிட்டு, நுண்ணிய துகள்களையும் நீரையும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்கே திருப்பி அனுப்புகிறது.

இதனால்தான் முயல் இருவகைப் புழுக்கை போடுகிறது. பகலில் கூண்டின் அடியில் நாம் காண்பது, பட்டாணி அளவிலான, உருண்டையான, காய்ந்த புழுக்கை. அதை விரலால் நசுக்கினால் வைக்கோல் தூள்போல உதிரும்; உள்ளே நார் கண்ணுக்குத் தெரியும்; நாற்றம் பெரிதாக இருக்காது. மற்றது சிறுசிறு மணிகள் ஒட்டிய கொத்தாக, பளபளப்பான சவ்வு மூடி, மென்மையாக இருக்கும். இந்த மென்புழுக்கையை முயல் தன் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் அரிதாகவே படும். குருட்டுக்குடலின் நுண்ணுயிர்கள் உருவாக்கிய புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில் உள்ளன. இரண்டாம் முறை சிறுகுடலைக் கடக்கும்போதுதான் அவை உடலில் சேர்கின்றன. இதை அசுத்தம் என்று எண்ணி முயலைத் தடுக்கக் கூடாது. மாறாக, மென்புழுக்கை தின்னப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தாலோ, முயலின் பின்புறத்தில் ஒட்டியிருந்தாலோ, பெரும்பாலும் தீனியில் நார் குறைந்து சத்து மிகுந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம்.

குடலைத் தொடர்ந்து அசைய வைப்பது நீளமான நார்தான். நார் குறைந்து மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் குடலின் அசைவு தளர்கிறது. குருட்டுக்குடலின் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து, குளோஸ்ட்ரிடியம் போன்ற நஞ்சு சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருக இடம் கிடைக்கிறது. தாய்ப்பாலை மறந்த பருவத்துக் குட்டிகள் இதில் ஒரே நாளில் இறந்துபோவதும் உண்டு. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், தவறாகத் தின்றதை வெளியேற்றும் வழியும் அதற்கு இல்லை.

ஆகவே கீரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் புல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். வளர்ந்த முயலின் தீனியில் மிகப் பெரும் பங்கு புல்லாகவும் உலர்புல்லாகவும் இருக்க வேண்டும். கீரை அதற்குத் துணைதான். உலர்புல்லைக் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் ஆகியவற்றை அறுத்து நிழலில் உலர்த்தலாம். இந்த மாவட்டங்களில் எளிதில் கிடைக்கும் ராகித் தாளையும் பூசணம் பிடிக்காததாகப் பார்த்துச் சேர்க்கலாம். புல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். சிலிக்கா கலந்த முரட்டுப் புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்தே கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன. கீரையோ நான்கு மெல்லலில் கரைந்துவிடும். கீரையை மட்டும் தின்று வளரும் முயலுக்குக் கடைவாய்ப் பற்கள் கூர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழித்துவிடும். அதன் பின் பசித்தாலும் அதனால் தின்ன இயலாது.

கால்சியத்தைப் பொறுத்தவரை முயல் மற்ற பாலூட்டிகளிலிருந்து வேறுபட்டது. பிற விலங்குகளின் குடல் பெரும்பாலும் தேவைக்கேற்பக் கால்சியத்தை உறிஞ்சுகிறது. முயலின் குடலோ தீனியில் எவ்வளவு உள்ளதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. சிமென்ட் தரையில் முயலின் சிறுநீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்படிவு தெரிவது இதனால்தான். ஓரளவு வெண்மை இயல்பானதே. ஆனால் கால்சியம் நாள்தோறும் மிகுந்து, குடிக்கும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீர்ப்பையில் சேறுபோல் படிந்து கல்லாக இறுகும். முருங்கை, அகத்தி, குதிரைமசால் ஆகியவை புரதமும் கால்சியமும் செறிந்தவை. கறிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகளில் இவற்றைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. அங்கே சில மாதங்களில் எடை கூட வேண்டும் என்பதே நோக்கம். எட்டு, பத்து ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் வீட்டு முயலுக்கு அதே பரிந்துரையை அப்படியே பின்பற்றுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அவை பொருந்தும். வளர்ந்த முயலுக்கு வாரத்தில் ஓரிரு முறை ஒரு கொத்து போதும்.

பாலக்கு, தண்டுக்கீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை ஆகியவற்றில், கால்சியத்துடன் இணையும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. இவற்றில் ஒன்றையே தினமும் போடுவதுதான் கேடு. மாற்றி மாற்றிச் சிறிதளவு கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. கொத்தமல்லி, புதினா, கேரட்டின் தழை போன்றவற்றை முறை வைத்துக் கொடுக்கலாம். முட்டைக்கோஸ் குடும்பத்து இலைகள் சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும் என்பதால் அளவோடு நிறுத்த வேண்டும். வெங்காயத்தாளும் பூண்டுத்தாளும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் அறவே கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்துகள் சில உள்ளன. தருமபுரியில் பரவலாகப் பயிராகும் குச்சிக்கிழங்கின் இலை பார்க்க மென்மையாக, கொழுமையாக இருக்கும். அதன் உயிரணுக்களில் லினமாரின் என்னும் பொருளும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே அடைபட்டுள்ளன. இலையை மென்றவுடன் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. நன்றாக அரைத்து விழுங்கும் முயலுக்கு இது மேலும் கேடு. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பகுதிகளில் எங்கும் காணும் தக்காளியின் இலையிலும் தண்டிலும் தக்காளிக்குரிய நச்சுப்பொருள் இருப்பதால் அவற்றையும் போடக் கூடாது. புல் அறுக்கும்போது அதனுடன் உண்ணிச்செடி, ஆமணக்கு, ஊமத்தை, பார்த்தீனியம் கலந்துவிடாமல் கட்டைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். சவுண்டல் (சூபாபுல்) தழையிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருள் முயலின் முடியை உதிரச் செய்யும்.

பட்டு வளர்ப்போரின் மல்பெரி இலை, அளவோடு கொடுத்தால் முயலுக்கு நல்ல தீனி. பட்டுப்புழு பூச்சிக்கொல்லியின் சிறு அளவையும் தாங்காது என்பதால், மருந்தடித்தபின் உரிய நாட்கள் கழித்தே அத்தோட்டங்களில் இலை பறிக்கின்றனர். சந்தைக் கழிவில் வரும் காலிஃபிளவர் இலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் எவ்வளவு கழுவினாலும் போகாது. இலையைச் சாக்கில் அடைத்துவைத்தால் சூடேறிப் புளித்துவிடும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கட்டைக் கொடுக்கவே கூடாது. தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டால், புழுக்கை வழியாகப் பரவும் இரத்தக்கழிச்சல் கிருமி இலையில் ஒட்டுவது குறையும்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்த பிறகு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுக் கீரையை இரண்டு மூன்று இலைகளாகத் தொடங்கி, இரண்டு நாட்கள் புழுக்கையைக் கவனித்த பின்னரே அளவைக் கூட்ட வேண்டும். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு தம்ளர் நிறையக் கிள்ளிய கீரை போதுமானது. புழுக்கை சிறுத்தாலோ இளகினாலோ கீரையை நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுக்க வேண்டும். அரை நாள் முழுவதும் தின்னாமல், புழுக்கையும் போடாமல், முயல் குன்றி உட்கார்ந்து பல்லை நறநறவெனக் கடித்தால் குடல் நின்றுவிட்டதாகக் கருதி, விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது கடைசியாகப் போட்ட புழுக்கையையும், அன்று கொடுத்த இலைகளில் ஒவ்வொன்றையும் உடன் எடுத்துச் சென்றால் காரணத்தைக் கண்டறிவது மருத்துவருக்கு எளிதாகும்.