கடல் தாண்டினாலும் சட்டம் கூடவே வரும்

சென்ற வாரம் மதுரை ஒத்தக்கடையில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து மகனின் பாஸ்போர்ட் நகலையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "அங்கன இருந்துதான ஐயா போட்டான், இங்க எப்படிக் கேசு போடுவாக?" என்று கேட்டார். மகன் வளைகுடா நாடொன்றில் வெல்டர். ஊரில் கட்சிக் கொடிக்கம்பம் நடுவதில் தகராறு மூண்ட இரவில், எதிர்த்தரப்பின் சாதியை இழிவுபடுத்தி யாரோ பேசிய குரல் பதிவை அவர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறார். பத்து மாதம் கழித்துச் சித்திரைத் திருவிழாவுக்கு விடுப்பில் வந்தவரை விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் பெயரில் லுக் அவுட் நோட்டீஸ், அதாவது தேடப்படுபவர் என்று விமான நிலையங்களுக்கு அனுப்பும் அறிவிப்பு, இருந்தது. இந்த ஆண்டில் என்னிடம் வந்த இத்தகைய நான்காவது வழக்கு இது.

அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான் நால்வர் வீட்டிலும் கேட்டார்கள். வெளிநாட்டில் இருந்தால் இந்தியச் சட்டம் எட்டாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. இந்தியக் குடிமகன் உலகின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும் இந்தியச் சட்டம் அவருக்குப் பொருந்தும். பழைய தண்டனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் முதல் பிரிவிலேயே அதைச் சொல்கிறது. வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே நீதிமன்றம் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். பதியவும் புலன்விசாரணை நடத்தவும் அந்த அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தவிர, பதிவு வந்து விழுந்த கைப்பேசிகளும் அதனால் மூண்ட பகையும் மேலூரில் இருக்கும்போது, குற்றம் வெளிநாட்டில் மட்டுமே நடந்தது என்று வாதிடுவது எங்களுக்கு எளிதன்று.

"நான் பேசவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்" என்பதும் உதவாது. ஃபார்வர்டு செய்தவர் அந்தக் கருத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, அப்படி ஃபார்வர்டு செய்த ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

சமூகங்களுக்கிடையே பகையை மூட்டிய குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் தீர்ப்புக்கு வெகு முன்பே பிழைப்பு போய்விடுகிறது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை முடக்கலாம். நீதிமன்ற அனுமதியின்றிப் புதுப்பிப்பதும் கடினம். வளைகுடா நாடுகள் பலவற்றில் ஆறு மாதம் வெளியே தங்கினாலே விசா போய்விடும். எந்த முதலாளியும் வெல்டருக்காக அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அரசியலே பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசையும் கட்சியையும் தலைவரையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சியுங்கள். அது உங்கள் உரிமை, அதற்காக வழக்குப் போட்டால் உங்களுக்காக வாதாட நாங்கள் இருக்கிறோம். ஒரு சாதியையோ மதத்தையோ இழுக்காதீர்கள். நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் தனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவதே குற்றம், ஆகவே கட்சிக்காக அறைக்கு அறை வசூல் செய்யாதீர்கள். அக்கறை இருந்தால் வாக்களியுங்கள். 2011 முதல் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் வாக்காளராகலாம். வாக்குச்சாவடிக்கு மட்டும் அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வர வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த வாக்குரிமை கிடையாது.

உங்கள் மீது வழக்கு இருப்பதாகக் காதில் விழுந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். ஊரில் இருக்கும் பெற்றோரையும் அண்ணன் தம்பிகளையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தகராறு நடந்த இரவே அந்த வீடியோவையும் குரல் பதிவையும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பாதீர்கள். மேலூர்த் தம்பிக்கு அந்தப் பதிவை அனுப்பியவர் அவருடைய சொந்த அண்ணன்தான்.