அரசாங்க மருத்துவமனையில் மருந்து கிடைக்கவில்லையா? நாடாளுமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது

வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் அக்டோபர் மாதம் வந்தால், பினாங்கில் மருந்துக் கவுண்டருக்கு வருகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். “சுகாதார அமைச்சுக்கு இத்தனை பில்லியன் கொடுத்திருக்கிறார்களே, எங்க அம்மாவுக்கு எழுதின ஊசியை மட்டும் ஏன் வெளியில் வாங்கச் சொல்கிறீர்கள்?”

நியாயமான கேள்வி. 2024-இல் 41.2 பில்லியன் ரிங்கிட், 2025-இல் 45.3 பில்லியன் ரிங்கிட் என்று ஒதுக்கீடு கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும் பங்கு சம்பளத்துக்குப் போகிறது. மருந்துக்கு மிஞ்சுவது மருத்துவமனை வாரியாக, அப்புறம் பிரிவு வாரியாகப் பிரிந்து வார்டுக்கு வரும்போது, விலை உயர்ந்த மருந்துகள் சிலருக்குத்தான் போதும்.

நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் கேட்கிறார்கள். புற்றுநோயாளிகளுக்குப் போதிய மருந்து இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால், நடவடிக்கை எடுத்து வருகிறோம் என்று பொதுவாகவே பதில் வரும். எந்த மருந்து, எந்த மருத்துவமனை, எதனால் கிடைக்கவில்லை என்கிற விவரம் கேள்வியில் இருந்தால் அமைச்சால் அப்படி நழுவ முடியாது. அந்த விவரம் நோயாளியிடமும் அவர் குடும்பத்திடமும்தான் இருக்கிறது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லத்தான், ஒரு மருந்தாளராக இதை எழுதுகிறேன்.

மருந்து இல்லை என்று சொன்னால் அதற்குப் பின்னால் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, அந்த மருந்து மலேசியாவில் பதிவே ஆகாமல் இருப்பது. பதிவான மருந்தின் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அரிய நோய்களுக்கான மருந்துகளில் இந்தச் சிக்கல் அதிகம். இரண்டாவது, பதிவாகியிருந்தும் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில், அதாவது ஊழியர்கள் ‘புளூ புக்’ என்று சொல்லும் ஃபார்முலாரியில், இடம்பெறாமல் இருப்பது. அப்போது நிபுணர் அந்த ஒரு நோயாளிக்கென்று தனியாகச் சிறப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியலை அமைச்சின் மருந்துச் சேவைப் பிரிவு இணையத்தில் வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டுத் தேடினால் யாரும் பார்க்கலாம்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. மருந்து பட்டியலில் இருக்கும், மருத்துவமனையிலும் இருக்கும். ஆனால் கோட்டா, அதாவது இத்தனை பேருக்குத்தான் என்ற ஒதுக்கீடு, முடிந்திருக்கும். மார்பகப் புற்றுநோயில் ஐந்தில் ஒன்று வரை, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கான டிராஸ்டுஸுமாப் ஊசியை உலகச் சுகாதார நிறுவனம் 2015-இலேயே அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துவிட்டது. நம் ஃபார்முலாரியிலும் அது ஏ-ஸ்டார் பிரிவில் இருக்கிறது. அதாவது, ஆலோசகரோ நிபுணரோ மட்டுமே, குறிப்பிட்ட நோய்நிலைகளுக்கு மட்டுமே தொடங்கலாம். வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று ஏறக்குறைய ஒரு வருடம் போட வேண்டும். அசல் ஊசிக்கு நிகரான, விலை குறைந்த பயோசிமிலர் ஊசிகள் வந்த பிறகு நிலைமை முன்னைவிடத் தேவலாம். ஆனாலும் பண ஒதுக்கீடு இத்தனை பேருக்கு என்று முடிந்துவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். பிறையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓர் அக்காவிடம், “மருந்து இருக்கு, உங்களுக்கு இப்போ இல்லை” என்று சொல்வது எந்த மருந்தாளருக்கும் லேசான காரியம் இல்லை. புதிய நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றுக்கும் இதே கதைதான். 2019 தேசிய ஆய்வில் நாட்டிலேயே நீரிழிவு விகிதம் அதிகமாக இருந்தது இந்தியர்களிடம். ஆகவே கோட்டா என்பது நம் வீடுகளை நேராகத் தொடுகிற விஷயம்.

நான்காவது, வெறும் ஸ்டாக் தாமதம். பெரும்பாலும் அதுவாகவே சரியாகிவிடும்.

ஆக, அடுத்த முறை மருந்து இல்லை என்றால் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ பணிவாக, “பதிவு இல்லையா, ஃபார்முலாரியில் இல்லையா, கோட்டாவா, ஸ்டாக்கா?” என்று கேளுங்கள். பதிலை அப்பாயின்மெண்ட் புத்தகத்திலோ கடிதத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டியதில்லை. நீங்கள் எழுதிக் கேட்பது உள்ளே வேலை செய்பவர்களுக்கும் உதவிதான்.

அப்புறம் யாரிடம் போவது? பலர் முதலில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறார்கள். உதவித்தொகைக்கு அது சரி. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு. பினாங்கு சட்டமன்றத்தின் 40 பேரும் சேர்ந்து கேட்டாலும் ஃபார்முலாரி மாறாது. கேட்க வேண்டியவர்கள் மாநிலத்திலிருந்து மக்களவைக்குப் போகும் 13 பேர். வாய்மொழிக் கேள்விக்கு நேரம் கிடைக்காவிட்டாலும் எழுத்துபூர்வக் கேள்விக்குப் பதில் வரும். பட்ஜெட் விவாதம், அமைச்சு வாரியாக ஆராயும் குழு நிலைக்கு வரும்போது சுகாதார அமைச்சின் செலவு ‘பி.42’ என்ற தலைப்பில் தனியாக வரும். இந்த மருந்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. அவையில் யார் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது நாடாளுமன்ற இணையத்தளத்தில், ஹன்சார்ட் எனும் அவைக் குறிப்பில் இருக்கும்.

கேட்டால் மட்டும் நடக்குமா என்பவர்களுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யைச் சொல்வேன். அதற்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். நோயாளிகள் அமைப்புகளும் நிபுணர்களும் விடாமல் வலியுறுத்தினார்கள். 2017-இல், டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அதே மருந்தை வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் ஜெனரிக் மாத்திரையை அரசு தன் மருத்துவமனைகளுக்காக வரவழைக்க வழி செய்தார்கள். அடுத்த வருடமே அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. பணம் போதவில்லை என்ற பதிலுக்குப் பிறகும் விலையைப் பற்றி, காப்புரிமையைப் பற்றி, கொள்முதலைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது.

இதெல்லாம் நடக்கும்வரை நோய் காத்திருக்காது. அதனால் சொந்தக் காசில் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், சம்பளச் சீட்டு கொண்டு போங்கள். அரசாங்கப் பென்ஷன்காரர் என்றால் ‘பொராங் 1/09’ கேளுங்கள். மருத்துவமனையில் இல்லாத மருந்துக்குப் பொதுச் சேவைத் துறையிடம் செலவு கோருவதற்கான பாரம் அது. தகுதியுள்ள பலருக்கு இது தெரியவே தெரியாது. எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி வாங்குவோரிலும் அவர்கள் துணைவரிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் ஊக்கத்தொகை உண்டு.

நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகும்போது நிபுணரின் கடிதம், மருந்தின் ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மருந்துப் பொருளின் பெயர்), வெளியில் சொன்ன விலைச்சீட்டு, நான்கு காரணங்களில் எது என்ற குறிப்பு, இவற்றின் நகலை மட்டும் கொடுங்கள். அடையாள அட்டை (ஐசி) எண் தெரிகிற பக்கங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். கேள்விகளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத் தொடர் தொடங்கிய பிறகு போகாமல் சில வாரங்கள் முன்பே போங்கள். உங்கள் விவரம் எந்தக் கேள்வியில் சேர்ந்தது என்று உதவியாளரிடம் பின்னால் போன் போட்டு விசாரியுங்கள்.