யார்டிலிருந்து வந்த அக்சில்: பூட்டுவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

சென்ற மாசி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன் பிக்கப் லொறியோடு என் ஸ்காபரோ கராஜுக்கு வந்தான். பின்பெட்டியில் படங்கு போட்டு மூடிய ஒரு முழுப் பின் அக்சில், அதாவது பின் சில்லுகளைத் தாங்கிச் சுழற்றும் அச்சு.

"அங்கிள், இது பொலிஸ் காரின்ர அக்சில். அப்பான்ர காருக்குப் பூட்ட வேணும். இண்டைக்கே முடியுமா?"

அப்பாவின் கார் 2000ஆம் ஆண்டு மேர்க்குரி கிராண்ட் மார்க்கி. அவர் ரொறன்ரோவில் நெடுங்காலம் ரக்சி ஓடியவர். ரக்சியை விட்ட பிறகும் அதே சாதிக் காரைத்தான் சொந்தத்துக்கு வாங்கி வைத்திருந்தார். அதன் பின்பக்கம் இரைய ஆரம்பித்திருந்தது. மகன் இணையத்தில் தேடி, பழைய கார்களைக் கழற்றி விற்கும் ஒரு யார்டில் இந்த அக்சிலை 300 டொலருக்குப் பிடித்துவிட்டான். இரண்டும் எட்டே முக்கால் சொச்சம் அங்குல, அதாவது 8.8 அங்குலக் கியர் போட்ட ஃபோர்ட் அக்சில்கள். "அப்ப சரிதானே அங்கிள்?"

நான் படங்கை விலக்கிப் பார்த்தேன். சரியில்லை.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்றால், ஃபோர்ட் கிரவுண் விக்டோரியா, மேர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் மூன்றும் ஒரே சட்டத்தின் மேல் கட்டியவை. 'பாந்தர்' என்று அதற்குப் பெயர். 1979 மொடலில் தொடங்கி 2011 வரை வந்தது. கடைசிக் கார் இறங்கியது எங்கள் ஒன்ராறியோவின் சென் தோமஸ் தொழிற்சாலையில், 2011 செப்ரெம்பர் 15 அன்று. அன்றோடு தொழிற்சாலையையும் மூடினார்கள். பொலிஸும் ரக்சியும் இதைத்தான் ஓடின என்பதால் யார்டுகளில் இன்றைக்கும் பழைய கார்கள் கிடக்கின்றன, சாமான் மலிவாகக் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பின் அக்சிலைப் பொறுத்தவரை நடுவில் இரண்டு வேலிகள் இருக்கின்றன.

முதல் வேலி 1998. அதற்கு முந்திய கார்களில் அக்சிலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிப்பது சரிவாகப் போட்ட இரண்டு மேல் கைகள். 1998இலிருந்து அந்த வேலையை 'வாட்ஸ் லிங்க்' என்ற அமைப்பு செய்கிறது. அதன் நடு அச்சு, இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்சியல் பெட்டியின் பின்புறத்திலேயே உட்காரும். பழைய அக்சிலில் அந்த இடமே கிடையாது. இரண்டாவது வேலி 2003. அந்த ஆண்டு ஷொக் அப்சோபர்களைச் சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள், சில்லுகளின் உட்குழிவும் மாறியது. தம்பி கொண்டுவந்தது 2007 பொலிஸ் காருடையது. கார் 2000. ஷொக் பிடிக்கும் காதுகள் வேறு இடத்தில் இருந்தன.

"வெல்டிங் அடிச்சு மாத்தேலாதா அங்கிள்?"

ஏலும். இரும்பில் எதுவும் ஏலும். ஆனால் அக்சில் குழாயில் சூடு காட்டினால் குழாய் இழுபடும். ஒரு பக்கச் சில்லு கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பி நிற்கும். ரயர் ஒரு ஓரமாகத் தேயும்போதுதான் விளங்கும், அதற்குள் பெயாரிங்கும் போய்விடும். வெல்டிங் அடித்த அக்சிலை நேராக்கிச் சோதிக்க ஒரு தனிச் சட்டம் வேண்டும், என்னிடம் அது இல்லை. நான் செய்யமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். முகம் சுருங்கித்தான் போனான். நல்லவேளை, அந்த யார்ட்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், முப்பது நாள் உத்தரவாதம் இருந்தது. சாமான் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் திருப்பி எடுப்பீர்களா என்று கேளுங்கள்.

அடுத்த கிழமை 2001 பொலிஸ் கார் ஒன்றின் அக்சிலோடு வந்தான். இந்த முறை வேலிக்கு உள்ளே. அன்றைக்கு அப்பாவும் கூட வந்திருந்தார்.

"அண்ணை, இது பூட்டலாம். ஆனா முதல்ல திறந்து பாப்பம்."

"கழட்டி எடுத்ததைத் திரும்பவும் கழட்டுறதே? கூலி ஏறுமெல்லோ தம்பி?" என்றார் அப்பா. ஏறும்தான். பின்மூடி பத்து ஆணி. கழற்றி, ஒயிலை வடியவிட்டு, உள்ளே துடைத்துப் பார்க்க ஒரு மணித்தியாலம். பூட்டிய பிறகு இரைந்தால் முழு வேலையையும் இரண்டாம் முறை செய்யவேண்டும். அதற்கு இந்த ஒரு மணித்தியாலம் மலிவு.

மூடியைத் திறந்ததும் முதலில் ஒயில். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் தேநீர் போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரலில் தடவி வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரிகிறதா? கொஞ்சம் இருந்தால் பழையதன் இயல்பு, துகள் துகளாக நெருடினால் வேண்டாம். அப்புறம் பெரிய கியரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும். யார்டில் மாதக்கணக்காகக் கிடந்த காரில் கியரின் கீழ்ப்பாதி ஒயிலில் முங்கியிருக்கும், மேல்பாதி காய்ந்து கறள் பிடிக்கும். அந்தக் கறள் பற்களின் உரசு முகத்தில் குழி போட்டிருந்தால், சில்லு ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரு முனகல் வரும். துடைத்தால் போகாது.

அவர்களுடைய கியர் சுத்தமாக இருந்தது. பல்லை எண்ணினேன்: பெரியதில் 36, சிறியதில் 11. அதாவது 3.27: சிறியது அத்தனை சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. மூடி ஆணியில் ஒரு தகட்டுச் சீட்டு தொங்கும், அதிலும் இது பொறித்திருக்கும். 3க்கும் 27க்கும் நடுவில் எல் எழுத்து இருந்தால் இரண்டு சில்லையும் சேர்த்து இழுக்கும் வகை. ஆனால் எங்கள் ஊரில் பனிக்கு வீதியில் கொட்டும் உப்பில் அந்தத் தகடு முதலில் கரைந்துபோகும். கார் முழுசாக நிற்கும் யார்ட் என்றால் சாரதிக் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள கம்பனிச் சீட்டில் அக்சில் குறியீடு இருக்கும். அதை ஒரு படம் எடுத்துவாருங்கள். அக்சில் மட்டும் தனியே கிடந்தால், மூடியைத் திறக்காமல் அறிய ஒரே வழி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் உள்ள தட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சோக்குக்கோடு போட்டு எண்ணுவது.

இனி சாஃப்ட், அதாவது சில்லைச் சுற்றும் தண்டு. பலர் தவறவிடுவது இதைத்தான். இந்த அக்சிலில் சில்லுப் பக்கத்துப் பெயாரிங்குக்கு உள்வளையம் கிடையாது. உருளைகள் நேரடியாகச் சாஃப்ட்டின் மேலேயே ஓடும். பெயாரிங் 30 டொலர் சாமான்தானே என்று புதிதாக அடித்துவிட்டால் போதாது; அது ஓடும் பாதை சாஃப்ட்டில் இருக்கிறது. கழற்ற, டிஃபரன்சியல் நடுவில் உள்ள ஒரு குறுக்கு முளையை எடுக்கவேண்டும். அந்த முளையைப் பிடிக்கும் சின்ன ஆணி முறிவதற்கென்றே பிறந்தது. ஆறு பக்கச் சாவியைத்தான் போடுங்கள், பன்னிரண்டு பக்கத்தைப் போட்டுத் தலையை வழுக்கிவிடாதீர்கள். முளை வந்ததும் சாஃப்ட்டை உள்ளே தள்ளினால் சி வடிவ வளையம் ஒன்று ஒயிலுக்குள் விழும். உங்கள் சில்லு காரை விட்டுத் தனியே போகாமல் பிடித்துவைத்திருப்பது அந்த வளையம் ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

வலது சாஃப்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. இடதில், பெயாரிங் ஓடும் ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை. நகத்தை அதன் மேல் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மகன் இழுத்தான், நகம் டக் டக் என்று தடக்கியது. உருக்கின் தோல் உரியத் தொடங்கியிருந்தது. இதற்கென்று பாதையைச் சற்றுத் தள்ளி ஓடும் திருத்தப் பெயாரிங் கடையில் கிடைக்கும். நான் பாவித்திருக்கிறேன். சில காலம் ஓடும், சிலருக்குக் கனகாலமும் ஓடியிருக்கிறது. என்றாலும் மற்றவனுடைய காருக்கு மனதாரப் போடமாட்டேன்.

அப்போதுதான் அவருடைய பழைய அக்சில் நினைவுக்கு வந்தது. அதில் இரைந்தது பினியன் பெயாரிங், அதாவது சிறிய கியரின் பெயாரிங், சாஃப்ட் அல்ல. இடது சாஃப்ட்டை உருவி எடுத்துத் துடைத்தேன். சாஃப்ட் நுனியின் வரிப்பற்களை எண்ணினேன், இரண்டிலும் 28. பக்கத்தில் பக்கமாகப் படுக்கவைத்து நீளத்தையும் ஏபிஎஸ் பல்வளையத்தையும் ஒப்பிட்டேன். ஒன்றுதான். நகம் வழுக்கிக்கொண்டு போனது. புதுப் பெயாரிங், புதுச் சீல், குறுக்கு முளைக்குப் புது ஆணி. பினியன் சீல் காய்ந்திருக்கவில்லை, அதனால் தொடவில்லை. அந்தப் பெரிய நட்டைத் தேவையில்லாமல் தளர்த்தினால் உள்ளே நசுங்கும் குழலையும் மாற்றவேண்டும், இறுக்கத்தையும் அளந்து வைக்கவேண்டும். நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொலிஸ் அக்சிலோடு ஒரு பிளாஸ்ரிக் கவசம் வந்திருந்தது. தம்பி அதைக் குப்பை என்று ஓரமாகப் போட்டிருந்தான். ஓடிப்போய் எடுத்தேன். இந்தக் கார்களில் பெற்றோல் தாங்கி பின் அக்சிலுக்கு நேர் பின்னால், டிக்கிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறது. நெடுஞ்சாலை ஓரம் நின்ற பொலிஸ் கார்களைப் பின்னாலிருந்து வேகமாக மோதியபோது தாங்கி கிழிந்து தீப்பிடித்த விபத்துகள் அமெரிக்காவில் பெரும் விவாதமானது. மோதலில் தாங்கி முன்னால் தள்ளப்பட்டு டிஃபரன்சியலிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள கூர்முனைகளில் குத்துப்படக்கூடும் என்பதற்காக, 2002இல் ஃபோர்ட் பொலிஸ் கார்களுக்குக் கவசங்களைக் கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் தன் விசாரணையை, குறைபாடு என்று தீர்மானிக்காமல் மூடியது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அக்சில் மாற்றுகிற கையில் இது முழுக்க இருக்கிறது. கவசம் இருந்தால் திரும்பப் பூட்டுங்கள். அழகுக்கென்று செட்டை செட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினிய மூடி, அளவுக்கு மிஞ்சி நீண்ட ஆணி, இவற்றைத் தாங்கியின் முகத்துக்கு முன்னால் வைக்காதீர்கள்.

பூட்டி முடித்து 75டபிள்யூ-140 செயற்கை ஒயில் ஊற்றினோம். இரண்டு சில்லையும் சேர்த்து இழுக்கும் வகை என்பதால் உராய்வுத் திரவமும் ஒரு சின்னப் போத்தல், நான்கு அவுன்ஸ். அதை விட்டால் திருப்பங்களில் பின்பக்கம் நறநறவென்று கத்தும், புதுச் சாமான் பழுது என்று நினைத்து ஓடிவருவீர்கள். பிறேக் குழாய், றப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. பிறேக்குக்கான எதையும், ஆசனப்பட்டியை, காற்றுப்பையை நான் யார்டிலிருந்து எடுப்பதில்லை. கதவு, விளக்கு, இருக்கை, கண்ணாடி, தாராளமாக.

மகன் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். "அங்கிள், கார் பறக்குது! 401இல லேசா மிதிச்சன், 120!"

பறக்கவில்லை. பழைய அக்சில் 2.73. புதியது 3.27. இந்தக் காரில் வேகத்தை அளக்கும் உணரி கியர்பெட்டியின் பின்முனையில் இருக்கிறது, சில்லில் இல்லை. ஆகவே கார் உண்மையில் 100இல் போகும்போது மீற்றர் ஏறக்குறைய 120 காட்டும். கிலோமீற்றர் கணக்கும் அதே மாதிரிக் கூடும், கியர் மாறும் நேரமும் குழம்பும். காரின் கணினியில் புதிய விகிதத்தை எழுதினால்தான் அது உண்மை பேசும். இது தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. 3.27 இருந்த காருக்கு யாராவது 2.73 பூட்டி, கணினியைத் தொடாமல் விட்டால், மீற்றர் 100 என்று காட்டும்போது நீங்கள் 120இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பொலிஸ்காரர் நிறுத்தினால் "என்ர மீற்றர் சரியாத்தான் காட்டினது ஐயா" என்பதைக் கேட்கமாட்டார். ஏலத்தில் பழைய பொலிஸ் கார் வாங்கியவர்கள் தொலைபேசியின் ஜீபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன் யார் என்ன பூட்டினார்கள் என்று தெரியாது.

மடிக்கணினியை இணைத்து விகிதத்தை மாற்றினேன். அப்பா ஓடிப் பார்த்தார். நெடுஞ்சாலையில் எஞ்சின் முன்னையைவிடக் கூடுதலாகச் சுற்றுகிறது, பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று அவருக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. காதாலேயே பிடித்துவிட்டார். "நகரத்துக்குள்ள இது நல்லம். மொன்றியலுக்குப் போய்வரப் பழசுதான் நல்லம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

கதவுச் சட்டத்தில் கம்பனிச் சீட்டுக்குக் கீழே, அடுத்துத் திருத்தப் போகிறவருக்காக, அழியாத பேனாவால் 3.27 என்று எழுதி, எந்த ஆண்டுக் காரின் அக்சில் என்பதையும் போட்டேன். பழைய அக்சில் இன்னும் என் கராஜின் பின்பக்கம் கிடக்கிறது. பினியன் பெயாரிங் மாற்றினால் நல்ல சாமான். மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்: 2000, 2.73, இடது சாஃப்ட் இல்லை.