ரிசீவரில் பொறித்த பெயருக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் அலுமினியப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். விமானப் பாகங்களும் மருத்துவக் கருவிகளின் பாகங்களும் வரும் அதே மேசைக்கு ஏ.ஆர்.15 என்ற அரைத் தானியங்கி வகை ரைபிளின் கீழ் ரிசீவர்களும் வரும். ரிசீவர் என்பது மற்றப் பாகங்களைத் தாங்கும் நடு உடம்பு; இந்த ரைபிளில் அது மேல், கீழ் என்று இரண்டு துண்டு. இங்கே குடியேறிய தமிழ் நண்பர்கள் சிலர் முறைப்படி ரைபிள் வாங்கிச் சுடுதளத்தில் பழகுகிறார்கள். அவர்களில் யாராவது பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒன்றைச் சேர்க்க முடிவெடுத்தால் என்னைத்தான் அழைப்பார்கள். "அண்ணா, அறுபது டாலருக்கும் ரிசீவர் கிடைக்கிறது, முந்நூறு டாலருக்கும் கிடைக்கிறது. பெயருக்காகவா இந்த வித்தியாசம்?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த ரைபிளில் ரிசீவர் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் பெயரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதலில் சட்டம். ஏ.ஆர்.15-இல் கீழ் ரிசீவர்தான் சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி'. வரிசை எண் அதில்தான் இருக்கும். குழல், தோட்டாவின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் போல்ட், மேல் ரிசீவர் எல்லாம் வெறும் உதிரிப் பாகங்கள். கடையில் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகளும் உண்டு. சில மாநிலங்களில் இந்த வகை ரைபிளுக்கே தடை இருக்கிறது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. இங்கே சர்வசாதாரணமாக அஞ்சலில் வரும் பாகத்தை ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். .223 ரெமிங்டன் தோட்டா வெடிக்கும்போது அது உட்காரும் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை அழுத்தம் எழலாம். அதைத் தாங்குவது யார்? 1950-களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் போட்ட வடிவமைப்பில் போல்ட்டின் பற்கள் குழலின் பின்முனையில் பொருத்திய எஃகு வளையத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. எஃகோடு எஃகு கோத்து அழுத்தத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதனால்தான் சுற்றியிருக்கும் உடம்பை அலுமினியத்தில் செய்ய முடிந்தது. கீழ் ரிசீவர் விசைத் (டிரிகர்) தொகுதியைப் பிடித்துக்கொள்கிறது, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைத் தாங்குகிறது, பின்னால் தோளில் ஊன்றும் கட்டைக்குள் போகும் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. வெடிப்பின் அழுத்தத்தை அது சுமப்பதில்லை. பிளாஸ்டிக்கில்கூட கீழ் ரிசீவர் விற்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். அவை விரிசல் விடுவதும் பெரும்பாலும் அந்தப் பின்குழாய் மரையேறும் வளையத்தில்தான்.

ஆகவே ஏ.ஆர்.15-க்கு நான் சொல்வது: கையிருப்பு குறைவாக இருந்தால் போல்ட்டுக்கும் குழலுக்கும் முதலில் செலவழியுங்கள். கார்பென்டர் 158 என்ற வலுவான வகை எஃகில் செய்து, அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, காந்தத் துகள் சோதனையில் விரிசல் தேடிய போல்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. ரிசீவரின் பக்கவாட்டில் அழகாகப் பொறித்த சின்னத்துக்குக் கொடுக்கும் நூறு டாலர் சுடும்போது உங்களுக்கு எதுவும் செய்யாது.

அந்தச் சின்னம் எங்கே பொறிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தவன் நான். அலுமினியக் கட்டியைச் சூடாக்கி அச்சில் அடித்து ரிசீவரின் முரட்டு வடிவத்தை எடுப்பதற்கு ஃபோர்ஜிங் என்று பெயர். அதற்கு வேண்டிய பெரிய அழுத்த இயந்திரங்கள் எல்லோரிடமும் இருப்பதில்லை. இலினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் உள்ள ஆங்கர் ஹார்வி, சாவித்துளை போன்ற குறியால் அறியப்படும் செர்ரோ என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகளில் இருந்துதான் சந்தையில் உள்ள பெரும்பாலான பெயர்களுக்குச் சரக்கு போகிறது. அதைக் கடைவதும் பல நேரங்களில் எங்களைப் போன்ற ஒப்பந்தப் பட்டறைகள்தாம். ஒரே வாரத்தில், ஒரே இயந்திரத்தில், ஒரே வரைபடத்தை வைத்துக் கடைந்த ரிசீவர்கள் மூன்று வெவ்வேறு பெயர்களோடு மூன்று விலைகளுக்குப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டால், இல்லை. போன வருடம் ஒரு தம்பி இரண்டு கீழ் ரிசீவர்களைக் கொண்டுவந்தார். ஒன்று மலிவானது. மற்றொன்று மூன்று மடங்கு விலை, எல்லோரும் மெச்சும் பெயர். இரண்டையும் கிரானைட் மேசையில் வைத்து, விசையையும், அதை அழுத்தியதும் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியையும் தாங்கும் ஊசிகள் நுழையும் துளைகளைக் கேஜ் என்ற அளவுகோல் கம்பி போட்டுப் பார்த்தேன். 'கோ' கேஜ் நுழைய வேண்டும், 'நோ கோ' கேஜ் வாசலிலேயே நிற்க வேண்டும். மலிவானதில் அது நின்றது. விலை உயர்ந்ததில் சுத்தி ஊசித் துளைக்குள் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. மயிரிழை அளவுதானே என்றார். அந்த மயிரிழையில்தான் விசைக்கும் சுத்திக்கும் உள்ள பிடிமானம் இருக்கிறது. துளை தளர்ந்தால் ஊசி நகரும், பிடிமானம் மாறும், விசையை அழுத்தாமலேயே சுத்தி விழக்கூடிய நிலைகூட வரலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குச் சரி. ரிசீவருக்குச் சரிவராது. இயந்திரத்தில் துளையிடும் கருவி தேய்ந்த மதியவேளையில் கடைந்தது உங்கள் கைக்கு வந்திருக்கலாம்.

உலோகத்தின் பெயரைக் கேளுங்கள். 7075-டி6 என்றால் துத்தநாகம் கலந்த உயர் வலிமை அலுமினியம். சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 73,000 பவுண்டு வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது. 6061-டி6 ஏறக்குறைய 40,000 பவுண்டில் விட்டுக்கொடுத்துவிடும். ஒரு செய்தி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது: இந்த 7075-இன் மூலக் கலவையை 1930-களில் ஜப்பானின் சுமிதோமோ கண்டுபிடித்து, ஜீரோ போர் விமானத்தின் இறக்கையில் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் 1943-இல் தன்னுடைய 7075-ஐ வெளியிட்டது. ரிசீவரின் மேற்பரப்பில் மூன்றாம் வகைக் கடின ஆனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல்தோலை மின்சாரத்தால் கெட்டிப்படுத்தும் பூச்சு, இருக்க வேண்டும். மேல் ரிசீவரும் கீழ் ரிசீவரும் நிறத்தில் சற்று வேறுபட்டாலோ லேசான ஊதா தெரிந்தாலோ கவலைப்பட வேண்டாம். அது சாயத்தொட்டியின் குணம், வலிமைக் குறைவு அல்ல.

பெயரை நம்பி வாங்குபவர்கள் பெயருக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெய்ன் மாநிலத்தின் விண்டம் ஊரில் புஷ்மாஸ்டர் ரைபிள்கள் செய்யப்பட்டு வந்தன. 2006-இல் நிறுவனம் கைமாறியது. 2011-இல் புதிய உரிமையாளர்கள் அந்த ஆலையை மூடினார்கள். பெயர் வேறு ஊருக்குப் போனது. பழைய உரிமையாளரோ அதே கட்டடத்தில், பழைய தொழிலாளிகளில் பலரை வைத்து விண்டம் வெப்பன்ரி என்ற புதுப் பெயரில் தொடங்கினார். கைத்திறன் ஒரு பக்கம், பெயர் மறு பக்கம். அந்த ஆண்டில் கடைக்குப் போய்ப் பழைய பெயரைக் கேட்டு வாங்கியவர் உண்மையில் எதை வாங்கினார்? விண்டம் வெப்பன்ரியும் 2023-இல் மூடப்பட்டது.

ரிசீவரே அழுத்தத்தைச் சுமக்கும் ரைபிள்களில் கதை முழுக்க வேறு. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள் பலவற்றில் போல்ட்டின் பற்கள் ரிசீவருக்குள்ளேயே பூட்டிக்கொள்கின்றன. அங்கே ரிசீவர் உடைந்தால் அது சுடுபவரின் முகத்துக்கு அருகில் உடையும்.

இதில் நான் யாரிடமும் சொல்லாமல் விடாத ஒன்று 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ராணுவ ரைபிள். மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி அமெரிக்க அரசாங்கத்தின் சொந்த ஆயுதச்சாலை. அதைவிடப் பெரிய பெயர் அந்தக் காலத்தில் கிடையாது. 1917-இல் அந்த ரைபிள்களில் சில வெடித்துச் சிதறத் தொடங்கின. ஆராய்ந்தபோது குற்றம் உலையடியில் இருந்தது. எஃகு எவ்வளவு சூடாகிவிட்டது என்பதை அனுபவசாலித் தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டு வந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பழுத்த இரும்பு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாகச் சூடேற்றியிருக்கிறார்கள். எஃகு கருகி நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. நம் ஊர்க் கொல்லுலையில் நிறம் பார்த்துப் பதம் சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அரிவாளின் பதம் தவறினால் முனைதான் மழுங்கும்.

1918-இல் இருமுறை பதப்படுத்தும் முறைக்கு மாறினார்கள். அதனால்தான் ஸ்பிரிங்ஃபீல்டில் 800,000-க்குக் கீழும், அதே ரைபிளைச் செய்த இன்னொரு அரசு ஆயுதச்சாலையான ராக் ஐலண்டில் 285,507-க்குக் கீழும் வரிசை எண் உள்ளவற்றைச் சுடவே வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அதே பெயர், அதே வரைபடம், அதே கட்டடம். ஆபத்தையும் பாதுகாப்பையும் பிரிப்பது ஓர் எண் மட்டுமே. தாத்தாவின் ரைபிளுக்குப் புதுக் குழல் போட்டுத் தரச் சொல்லி ஒருவர் கேட்டபோது எண்ணைப் பார்த்துவிட்டு, எந்தத் துப்பாக்கித் தொழிலாளியிடமும் கொண்டுபோகாமல் சுவரில் மாட்டி வையுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அந்த அரசு ஆயுதச்சாலை 1968-இல் மூடப்பட்டது. 1974-இல் இலினாய் மாநிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது. இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. ராணுவத்தின் எம்14 ரைபிளைப் பின்பற்றிச் செய்த, தனியார் நிறுவனத்தின் எம்1ஏ ரைபிளின் ரிசீவர் வார்ப்பு. ராணுவத்தின் எம்14 ரிசீவர் ஃபோர்ஜிங். வார்ப்பு என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. துல்லிய வார்ப்பில் ரூகர் நிறுவனம் எத்தனையோ உறுதியான ரைபிள்களைத் தந்திருக்கிறது. ஆனால் பழைய பெயரின் புகழை நினைத்துப் புதிய பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம் என்றால் அது தெரிந்து கொடுப்பதாக இருக்கட்டும்.

பெயருக்கு நான் ஒப்புக்கொள்ளும் மதிப்பு ஒன்று உண்டு. பொருள் பழுதாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்பது. அந்தத் தம்பியிடம் கேஜ் நுழைந்ததைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பச் சொன்னேன். மறுநாளே பதில் வந்தது. வாதாடவில்லை. பழையதைப் பெற்றுக்கொண்டு, இரண்டு வாரத்தில் உரிமம் பெற்ற கடை வழியாகப் புதியதை அனுப்பிவிட்டார்கள். தம்பி அதைப் பிரிக்காமல் பெட்டியோடு என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அதே 'நோ கோ' கேஜை எடுத்துத் துளையில் வைத்து விரலால் தள்ளினேன். நின்றது. இரண்டாவது துளையிலும் நின்றது. அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.