சீலன்ட் கீழே, வாக்ஸ் மேலே: டெல்டா வெயிலுக்கும் மழைக்கும் கார் பெயின்ட்டைத் தயார்செய்வது

ஆயுத பூஜை நெருங்கினால் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர் வாட்டர் சர்வீஸ் கடையிலும் ஒரே பேச்சுதான்: "அப்படியே ஒரு வாக்ஸும் போட்டு விடுங்க." போட்டும் விடுகிறார்கள். ஐப்பசியில் அடைமழை பிடிக்கிறது, கார்த்திகை முடிவதற்குள் பளபளப்பு போய்விடுகிறது. உடனே வாக்ஸ் டப்பாவைத் திட்டுகிறோம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியில் வாக்ஸின் ஆயுள் நாலு முதல் ஆறு வாரம்தான். மழைக்காலம் முழுவதையும் தாங்க வேண்டிய அடுக்கு சீலன்ட், அதை யாரும் போடவில்லை.

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் கிளியர் கோட். அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் கனத்தில் பாதிக்குள். ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுக்கிறது. போனது திரும்ப வராது. ஆகவே வருஷா வருஷம் ரப்பிங் செய்வதைவிட, அந்தப் பூச்சின் மேல் தியாக அடுக்கு ஒன்றைப் போட்டு அதைத் தேயவிடுவதே புத்திசாலித்தனம்.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். சுத்தமான கிளியர் கோட்டைத் தொட்டால்தான் அது பிடிக்கும். நல்ல வாக்ஸின் முக்கியப் பொருளான கார்னாபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து கிடைப்பது. அது பரப்பின் மேல் படிந்து உட்காரும். வரிசையை மாற்றி வாக்ஸின் மேல் சீலன்ட் போட்டால் அதற்குப் பிடிமானம் கிடையாது. சீலன்ட்டில் உள்ள கரைப்பான் வாக்ஸையும் இளக்கிவிடும். இரண்டும் சேர்ந்து அடுத்த வாஷில் கழன்று போகும்.

முதல் நாள் வேலை முழுக்கச் சுத்தம்தான். நிழலில், பானெட் கைக்குக் குளிர்ந்த பிறகு, கார் ஷாம்பூவால் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட், சோப்புப் பவுடர் வேண்டாம். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு வெறும் தண்ணீரில் அலசினால்தான் மண் வாளியில் தங்கும், வண்டிக்குத் திரும்பாது. காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு கூரையைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்பட்டால் களிமண் பார் தேவை (பெயின்ட்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்க கடையில் விற்கும் மெத்தென்ற கட்டி, சாதாரண களிமண் அல்ல). ரயில் நிலையத்தில் தினமும் நிறுத்தப்படும் வண்டிகளில் இரும்புத் துகள் குத்தி நிற்பது வழக்கம். அவற்றுக்கு முதலில் அயர்ன் ரிமூவர் அடித்து, ஊதா நிறம் ஒழுகி நின்றதும் அலசிவிட்டுப் பிறகு பார். ஒரு காருக்கு 50 கிராம் துண்டு போதும். ஷாம்பூத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். பார் தரையில் விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டுத் தொடராதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிறகு பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 200 மில்லியுடன் டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி சேர்த்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, வண்டி முழுக்க அடித்துத் துடைத்தெடுங்கள். 70 சதவீதம்தான் கிடைத்தால் 300-க்கு 700. தீப்பிடிக்கும் பொருள், காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். இந்தக் கட்டத்தை விட்டுவிடுவதால்தான் பல வண்டிகளில் சீலன்ட் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. முன்பு போட்ட பாலிஷில் உள்ள எண்ணெய் பளபளப்பாகவே தெரிவதால், சுத்தமாகிவிட்டது என்று கண் நம்பிவிடுகிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் வழக்கமும் இதே தப்புதான்.

சீலன்ட் போடும்போது கை தாராளம் காட்டக் கூடாது. கதவு ஒன்றுக்குப் பட்டாணி அளவில் இரண்டு மூன்று சொட்டு. ஹேட்ச்பேக்குக்கு மொத்தம் 20 முதல் 30 மில்லி. தடித்துப் போனால் பாதுகாப்பு கூடுவதில்லை, துடைக்கும்போது திட்டுத் திட்டாக இழுவுவதுதான் மிச்சம். ஃபோம் பேடால் மெல்லிசாகப் பரப்பி, மங்கலாக வெளுக்கும்வரை விடுங்கள். விரலால் ஒரு கோடு இழுத்தால் அடியில் பளிச்சென்று தெரிய வேண்டும். பிசுபிசுத்து இழுபட்டால் இன்னும் காயவில்லை. டப்பாவில் 15 நிமிஷம் என்று போட்டிருந்தாலும், கார்த்திகை ஈரக்காற்றில் 40 நிமிஷம்கூட ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும்.

துடைத்து முடித்ததும் வண்டி பளபளக்கும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். உள்ளே பாலிமர் இறுக 12 முதல் 24 மணி நேரம் வேண்டும். உடனே வாக்ஸ் போட்டால் அதன் எண்ணெயும் கரைப்பானும் இறுகாத அடுக்கைக் கலைத்துவிடும். அந்த இரவு தண்ணீரும் படக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் திறந்தவெளியில் நின்ற வண்டியில் பனி சொட்டுச் சொட்டாக இறங்கி, விடிந்ததும் புள்ளிகளாகக் காய்ந்திருக்கும். ஷெட் இல்லாவிட்டால் தெரிந்தவர் வீட்டுப் போர்ட்டிகோவையாவது ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்குங்கள். மறுநாள் இரண்டாம் கை சீலன்ட் போடலாம். முதல் கையில் விட்டுப்போன இடத்தை அது அடைக்கும். மூன்றாவதால் பெரிய பயனில்லை.

அதற்கும் மறுநாள் வாக்ஸ். இதுவும் மெல்லிசாகத்தான்: கூரையில் பாதி, பானெட்டில் பாதி என்று சின்னச் சின்னப் பகுதியாகப் போட்டு, சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்து, துணியின் மறுபக்கத்தால் இன்னொரு தடவை. கறுப்பு, மெரூன், கருநீல வண்டிகளில் வாக்ஸ் தரும் ஆழமே தனி. வெள்ளை வண்டிக்கு, வெளிப்படையாகச் சொன்னால், அது தேவையே இல்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காசுக்கு சீலன்ட்டை நாலு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கலாம். மேட் பெயின்ட்டுக்கு இரண்டுமே கூடாது.

இந்த அடுக்குகள் கீறலைத் தடுக்காது. சம்பா அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். அதன் மேல் ஓட்டி வந்த வண்டியில் படியும் சுணையிலும் உமித்தூளிலும் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த துணியால் தட்டினால் பெயின்ட் முழுக்க வட்டவட்டக் கோடு. முதலில் தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள். சீலன்ட் இருந்தால் சுலபமாக இறங்கும், அவ்வளவுதான் அதன் உதவி. பூஜைச் சந்தனமும் அப்படியே: காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவைத்து எடுங்கள். குங்குமம் ரொம்ப நாள் வெயிலில் கிடந்தால் கறை இறங்கும், கண்ணாடியில் வைத்துக்கொள்வது உத்தமம். புளியமரத்துக் கொக்கின் எச்சத்தை சாயங்காலம்வரை விடாதீர்கள். அதிலுள்ள அமிலம் சூட்டில் இளகிய கிளியர் கோட்டை அரித்துப் பள்ளமாக்கும், மேலே என்ன அடுக்கு இருந்தாலும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கழுவியதும் உடனே துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்து அதில்தான் இருக்கிறது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வையுங்கள், அது கிட்டத்தட்ட உப்பில்லாதது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் கடல்காற்று படும் வண்டிகளில் கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடங்களை டச்-அப் செய்துவிட்டுத்தான் சீலன்ட். திறந்த தகரத்தில் துருவை அது நிறுத்தாது.

"டெஃப்லான் கோட்டிங்" என்று பில் போட்டால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். வாணலியில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், காரில் அது நடக்காது. பூசுவது பெரும்பாலும் சாதாரண பாலிமர் சீலன்ட்தான். அதற்குரிய விலை கொடுத்தால் போதும்.

டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு, பம்பருக்கு மட்டும் இதெல்லாம் உடனே வேண்டாம். உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். பூத்தில் சூடாக்கி உலர்த்தினார்களா, காற்றிலேயே உலர விட்டார்களா என்று பெயின்டரிடம் கேளுங்கள். காற்றில் உலர்ந்ததென்றால் 60 நாளாவது தண்ணீரும் ஷாம்பூவும் மட்டும் போதும்.