பழைய கப்பல் சாமானா? உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

ராயபுரத்தில் மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பதால் கப்பல் சாமான் நிறையவே கைக்கு வருகிறது. குஜராத் அலங்கில் உடைத்த கப்பலின் நாற்காலி, காயலான் கடையில் பிடித்த விளக்கு, தாத்தாவின் ட்ரங்க் பெட்டி என்று எல்லாம் வரும். பாதிக்கு மேல் கெட்டுப்போய்த்தான் வரும். கடல் கெடுத்தது கொஞ்சம். வாங்கிய கையோடு பளபளவென்று தேய்த்தே கெடுத்ததுதான் அதிகம்.

ட்ரங்க் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ரஜூலா என்றால் இந்தப் பக்கம் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1926-ல் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காகக் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று பல தலைமுறையை ஏற்றிப்போனது. 1973-ல் நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் கைக்கு வந்து ரங்கத் என்று பெயர் மாறியது, மறுவருடம் உடைபட்டது. அதில் போன பெட்டியில் கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தால் அந்தக் காகிதம்தான் பொக்கிஷம். அதை ஈரத்துணியால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே பச்சை பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறார்கள். லேபிள் போனபிறகு அது வெறும் தகரப் பெட்டி, சார்.

கரண்டி, டீ பாட்டும் அப்படித்தான். பின்பக்கம் ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் அது வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். சாம்பல் போட்டுத் தேய்த்தால் முலாம் போகும், கம்பெனி முத்திரையும் சேர்ந்து போகும்.

சரி, போலி எப்படித் தெரியும்? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பித்தளை காம்பஸில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்து விற்கிறார்கள். அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்று சேர்ந்ததே 1940-களில். அப்புறம் 1917 எங்கிருந்து வரும்? ரூர்க்கி, மொராதாபாத் பக்கம் இதெல்லாம் அலங்காரத்துக்காக இன்றும் செய்கிறார்கள். அலங்கார விலைக்கு வாங்கினால் தப்பே இல்லை. டைட்டானிக் என்று பொறித்த சாவிக்கும் இதே கதைதான்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் காசோடு போகும். பழைய கப்பல் கடிகாரம், பிரஷர் மீட்டர் இவற்றில் எண்கள் மேல் பூசிய பொடி பழுப்பேறித் தெரிந்தால் உஷாராக இருங்கள். அதில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் இருக்கலாம். “இருட்டில் மின்னவே இல்லையே, தீர்ந்திருக்கும்” என்பார்கள். தீர்ந்தது அதனுடன் கலந்த, ஒளி தரும் துத்தநாக சல்பைடு. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் வேண்டும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள். உதிர்ந்த தூள் மூச்சில் போனால் எலும்பில் போய்த் தங்கும். கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

கேபின் சுவர்ப் பலகை இன்னொரு தலைவலி. 1970-கள் வரை கட்டிய கப்பல்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். 2006-ல் அலங்குக்கு வந்த பழைய ‘ஃபிரான்ஸ்’ கப்பலை உடைப்பது உச்ச நீதிமன்றம் வரை போனதே அதனால்தான். அந்தப் பலகையில் ஷெல்ஃப் மாட்ட டிரில் போட்டால் வரும் தூசி, பல வருடம் கழித்து நுரையீரலில் கணக்குத் தீர்க்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் உலர உப்புத்தாள் போடவே கூடாது.

நாற்காலி, பெட்டி மாதிரியான சாமானுக்கு மென்மையான பிரஷ், உலர்ந்த பருத்தித் துணி, அவ்வளவு போதும். அதற்கும் முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். யாருடையது, எந்தக் கப்பல், எந்த வருடம் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

சிங்கப்பூர் மாமா ஆசையாகக் கேட்கிறார் என்று கூரியரில் போட நினைப்பவர்களுக்கு ஒன்று: நூறு வருடம் ஆன பொருள் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். வந்தால் தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1926-ல் செய்ததற்கு 2026-ல் நூறு ஆகிறது. விசாரித்துவிட்டுப் பேக் பண்ணுங்கள்.